ஒன்பதாவது ஆள்

செல்வரத்தினம் முதலாளி செத்துப்போனார் என்று செய்தி வந்தபோது கிறிஸ்துராஜா குளிரறைக்குள் மீன் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். செய்தி சொன்னவன் கண் கலங்கினான். கிறிஸ்துராஜாவும் தலையைக் குனிந்துகொண்டான். வந்தவன் போனதும் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினான். மூச்சு வெண்புகையாகப் போனது. ஆறு வருஷமாக அடக்கி வைத்த சிரிப்பு, லேசில் முடியவில்லை.

முடிந்த பிறகுதான் அந்த யோசனை வந்தது. கிழவன் அந்த விஷயத்தை யார் காதிலாவது போட்டுவிட்டுப் போயிருந்தால்?

லண்டனில் ஹவுன்ஸ்லோ பக்கத்தில் செல்வரத்தினத்தைத் தெரியாத தமிழர் கிடையாது. மொத்த வியாபாரக் கடை, நாலு பெற்றோல் நிலையம், ரெய்னர்ஸ் லேனில் மாளிகை மாதிரி ஒரு வீடு. இதெல்லாம் பணக்காரன் எவனிடமும் இருப்பதுதான். அவரிடம் மட்டும் ஒரு பேஸ்போல் அணி இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் ஒருநாள் பார்க் ஓரமாகக் காரில் போனவர், அமெரிக்கக்காரர் சிலர் விளையாடுவதைக் கண்டு வண்டியை நிறுத்தினார். “இது எங்கட எல்லே அல்லோ? தொப்பி போட்டு விளையாடுறாங்கள், அவ்வளவுதான்” என்றார். ஊர்ப் பள்ளிக்கூடங்களில் மட்டையும் டெனிஸ் பந்துமாக விளையாடுகிற எல்லேயில் அவர் ஒருகாலத்தில் கெட்டிக்காரர். அந்த வருஷமே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பற்றைக் காணி ஒன்றை வாங்கித் திருத்தி மைதானமாக்கினார். அணிக்கு ‘ஹவுன்ஸ்லோ கொம்பன்ஸ்’ என்று பேர் வைத்தார்.

ஆட்களுக்கு என்ன பஞ்சம்? அகதியாக வந்து இறங்கியவர்கள் வேலை கேட்டுக் கடை வாசலில் நின்றார்கள். செல்வரத்தினம் ஊரைக் கேட்கமாட்டார், படிப்பைக் கேட்கமாட்டார். மூட்டையிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்து வந்தவன் முகத்தைப் பார்த்து வீசுவார். பிடித்தால் வேலை, மைதானத்து ஓரப் பழைய வீட்டில் படுக்க ஒரு கட்டில். பிடிக்காதவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு போகவேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் பந்தைத் தவறவிட்டால் அந்தக் கிழமை ஏழு நாளும் குளிரறை வேலை. விரல் நகம் நீலம் பாரிக்கும்.

கிறிஸ்துராஜா பாஷையூர்க் கடற்கரையில் எல்லே விளையாடி வளர்ந்தவன். உருளைக்கிழங்கை ஒற்றைக் கையால் பிடித்து, அதே வேகத்தில் முதலாளிக்கே திருப்பி எறிந்தான். அன்றைக்கே, ஓடுகிறவர்கள் தொட்டுப் போகும் நாலு மூலைகளில் ஒன்றான மூன்றாம் பேஸில் காவல் நிற்க இடம் கிடைத்தது.

எண்பத்தெட்டாம் ஆண்டு ஆடி மாதம் வட இங்கிலாந்திலிருந்து ஒரு அணி ஒரேயொரு ஆட்டத்துக்காக வந்திருந்தது. கடைசிச் சுற்று. கோலின் என்ற செம்பட்டைத் தலையன் மூன்றாம் பேஸை நோக்கி ஓடி வந்தான். ஓடுகிற ஓட்டத்தில் தலைக்கவசம் கழன்று விழுந்தது. அந்தக் கணத்தில் பந்து கிறிஸ்துராஜாவின் கைக்கு வந்தது. பேஸ்போலில் பந்தோடு பேஸை மிதித்தால் போதும், இல்லாவிட்டால் ஓடுகிறவனைத் தொட்டால் போதும். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தது மூளைக்கு, கைக்கல்ல. எல்லேயில் ஓடுகிறவன்மேல் பந்தை எறிந்து பட்டால்தான் ஆட்டமிழப்பு. பாஷையூர் மணலில் ஆயிரம் தடவை எறிந்த கை, எறிந்துவிட்டது. ஆனால் இது டெனிஸ் பந்தல்ல, கல்லு மாதிரிப் பந்து. கோலின் கண்ணைப் பொத்திக்கொண்டு சரிந்தான். விரலிடுக்கால் இரத்தம் வழிந்தது. அம்புலன்ஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது.

மறுநாள் முதலாளி கடை மாடிக்குக் கூப்பிட்டார். ஒரு கண் போய்விட்டதாம், மற்றக் கண்ணுக்கும் உத்தரவாதம் இல்லையாம். வேண்டுமென்று எறிந்ததாகப் பொலிஸ் நினைக்கிறதாம்.

“உன்ர பேரைக் கேட்டாங்கள். நான் குடுக்கேல்லை” என்றார். “நான் இருக்குமட்டும் உனக்கு ஒண்டும் வராது. ஆனா வாயைத் திறக்காதை. மனிசிக்கும் சொல்லாதை.”

கிறிஸ்துராஜா அவர் காலில் விழுந்தான்.

அன்றிலிருந்து அவன் நிரந்தரமாகக் குளிரறைக்காரன். அதைக்கூடத் தாங்கியிருப்பான். மனைவி மெற்றில்டா கொழும்பில், கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் கிடந்தாள். நாலு வருஷம் இங்கே இருந்துவிட்டால் அவளைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம் என்பது சட்டம். தொண்ணூறில் நாலு வருஷம் முடிந்தது. முதலாளியிடம் மெல்லப் பேச்சை எடுத்தான். அவர் தலையை ஆட்டினார். “போடு, போடு. குரோய்டன் இமிகிரேசன் கந்தோரில உன்ர பேரைக் கொம்பியூட்டரில தட்டுவாங்கள். தட்டினா குருடன்ர கேசும் சேர்ந்து வரும். பிறகு உன்னைத்தான் மனிசியிட்ட அனுப்புவாங்கள்.” கிறிஸ்துராஜா விண்ணப்பம் போடவில்லை. ஒவ்வொரு மாதமும் தொலைபேசியில் ‘அடுத்த வருஷம்’ என்றான். வருஷங்கள் போயின. அவள் ஏன் என்று கேட்பதையும் விட்டுவிட்டாள்.

இந்தச் சங்கிலியைப் பிடித்திருந்த கைதான் இப்போது சவப்பெட்டிக்குள் கிடந்தது.

செத்த வீட்டுக்குப் போனவர்கள் இரண்டு செல்வரத்தினத்தைப் பார்த்தார்கள். பேஸ்போல் சங்கத்து வெள்ளைக்காரர்கள் கறுப்பு டை கட்டி வந்து, இப்படியொரு கொடையாளியை இனிக் காண்போமா என்று மூக்கைச் சிந்தினார்கள். அவரிடம் வேலை செய்தவர்கள் சுடலைக் கார் பார்க்கில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவன் காறித் துப்பிவிட்டு, வெள்ளைக்காரர் பார்க்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் லோயர் உயிலை வாசித்தார். கடைகளும் பெற்றோல் நிலையங்களும் மகன் பாலேந்திராவுக்கு. அணியும், மைதானமும், அந்தப் பழைய வீடும் மகள் கிரிஜாவுக்கு. அதோடு ஒரு வால்: ஒவ்வொரு வருஷமும் முதலாவது ஆட்டத்தில் கொம்பன்ஸ் ஒன்பது பேராக இறங்கிக் கடைசிப் பந்துவரை ஆடவேண்டும். ஒரு வருஷம் தவறினாலும் காணி முழுவதும் மகனுக்குப் போய்விடும்.

விமான நிலையத்துக்கு இவ்வளவு கிட்ட உள்ள காணி சும்மா காணியல்ல. பாலேந்திரா அதைப் பயணிகளின் கார் நிறுத்துமிடம் ஆக்க எப்போதோ படம் போட்டு வைத்திருந்தான். கிரிஜாவும் பேஸ்போல் பைத்தியம் அல்ல. அண்ணனுக்குக் கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான். அப்பனுக்கு இரண்டு பிள்ளைகளையும் நன்றாகத் தெரிந்திருந்தது.

பாலேந்திரா வேலையைத் தொடங்கினான். ஒருவனுக்குப் பெற்றோல் நிலையத்தில் பகல் ஷிப்ட், இன்னொருவனுக்கு மனேஜர் பதவி. மாசி கழிவதற்குள் பதினாலு பேராக இருந்த அணி ஒன்பதாகச் சுருங்கியது. கிரிஜா தேடிப் பிடித்த புது ஆட்களையும் அவனே இழுத்துக்கொண்டான். அந்த ஒன்பதில் ஒருவன் கிறிஸ்துராஜா.

ஒரு வெள்ளிக்கிழமை பாலேந்திரா குளிரறைக்கே வந்தான். கையுறையைக் கழற்றாமல் பேசினான். முதலாட்டத்தன்று கிறிஸ்துராஜா மைதானப் பக்கம் வரக்கூடாது. வந்தால், அந்தக் குருட்டு வெள்ளைக்காரனின் கதையைப் பொலிசுக்குச் சொல்லுவதைத் தவிரத் தனக்கு வேறு வழியில்லை.

“அப்பா எனக்கு எல்லாம் சொல்லிப்போட்டுத்தான் போனவர், கிறிஸ்து. நீர் யோசிச்சுக்கொள்ளும்.”

இரண்டு நாள் கழித்துக் கிரிஜா காரில் வந்து, பஸ் தரிப்பில் நின்றவனை ஏற்றிக்கொண்டாள். அவள் சுற்றி வளைக்கவில்லை. முதலாட்டத்துக்கு வராவிட்டால் அவளும் அதே பொலிசுக்குத்தான் போவாள். அப்பா அவளுக்கும் சொல்லியிருந்தார்.

“தங்கச்சி, அவர் வந்தாச் சொல்லுவன் எண்டுறார். நீங்கள் வராட்டிச் சொல்லுவன் எண்டுறியள். நான் என்ன செய்ய?”

“அது உம்மட பிரச்சினை” என்றாள் அவள், கண்ணாடியில் உதட்டைப் பார்த்தபடி.

கிழவன் சாகவில்லை. இரண்டாகப் பெருகியிருந்தான்.

அந்த வீட்டில் கிறிஸ்துராஜாவுக்கு அடுத்த கட்டில் சூசைதாசனுடையது. குருநகர்க்காரன், வயதில் மூத்தவன், பந்து பிடிக்கும் காட்சர். கிறிஸ்துராஜா பேயறைந்தவன் மாதிரித் திரிவதைப் பார்த்துவிட்டு, கட்டாயம் விளையாடவேண்டும் என்று மன்றாடினான். காணி பாலேந்திராவிடம் போனால் இந்தக் கூரையும் போய்விடும், எட்டுப் பேரும் தெருவில் என்றான். அவன் பேச்சு கிறிஸ்துராஜாவின் நெஞ்சில் இறங்கியது. எப்படியும் மாட்டத்தான் போகிறான். எட்டுப் பேருக்காவது கூரை மிஞ்சட்டும் என்று முடிவெடுத்தான். மெற்றில்டாவை இனிக் காண்பதில்லை என்பதும் அந்த முடிவுக்குள்ளேயே இருந்தது. அதை ஒரு இரவு முழுக்க விழுங்கினான்.

முதலாட்டம் வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தலைக்குமேல் விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கின. வேலிக்கு வெளியே பாலேந்திரா காரில் சாய்ந்து நின்று, மூன்றாம் பேஸுக்கு நடந்து போன கிறிஸ்துராஜாவைப் பார்த்தான். கையைக் காதருகே கொண்டுபோய்த் தொலைபேசி மாதிரிக் காட்டினான். கிறிஸ்துராஜா அதைக் கண்டான். ஆனாலும் நின்றான்.

மூன்றாவது சுற்று முடிந்து பக்கம் மாறும்போது, எதிரணிப் பயிற்சியாளன் மைதானத்தைக் கடந்து நேரே அவனிடம் வந்தான். கொஞ்சம் வயிறு வைத்திருந்தான். செம்பட்டைத் தலை முன்பக்கம் வழுக்கை. புருவத்தில் வெள்ளைக் கோடாக ஒரு தழும்பு. இரண்டு கண்ணாலும் சிரித்தான்.

அது கோலின்.

கிறிஸ்துராஜா முதலில் நினைத்தது, கண்ணாடிக் கண் வைத்திருக்கிறான் என்றுதான். கோலின் கையைப் பிடித்துக் குலுக்கி, லண்டனுக்கு வேலை மாறி வந்துவிட்டதாகவும், இந்தத் தழும்பைக் காட்டித்தான் மனைவியிடம் வீரம் பேசுவதாகவும் சொன்னான். நாலு தையல். மூன்றாம் நாளே கட்டவிழ்த்தாயிற்று. பொலிஸா? அவனுக்கு விளங்கவில்லை. விளையாட்டில் படுகிற அடிக்குப் பொலிஸ் எதற்கு? அந்த மாதமே உங்கள் முதலாளி தன்னை லண்டனுக்கு அழைத்துப் பெரிய விருந்து வைத்தாரே, எப்பேர்ப்பட்ட மனிதர், நண்டுக்கறி என்றால் அதுதான் நண்டுக்கறி என்றான். அணியில் எல்லாரும் வந்திருந்தார்களாம். பக்கத்தில் இருந்து பரிமாறியது அந்தக் காட்சர்தானாம்.

“உன்னைத்தான் தேடினேன். ஒருவருமே நீ எங்கே என்று சொல்லவில்லை” என்றான் கோலின்.

கிறிஸ்துராஜா ஓரத்து வாங்குப் பலகையில் வந்து குந்தினான். கிரிஜா பக்கத்தில் நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமலே கேட்டான்.

“அவனுக்குக் கண் போகேல்லை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

அவள் கோலினைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள். பொய் சொல்லிப் பயனில்லை என்று கண்டுகொண்டாள்.

“அது அப்பாட பகிடி. சாப்பாட்டு மேசையில சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.”

“நீங்களும் சிரிச்சனீங்களோ?”

“எல்லாரும்தான் சிரிச்சம்” என்றாள். “இப்ப அதையா கதைக்கிறது? போம், பாட் பண்ணும்.”

அவன் சூசைதாசனிடம் போனான். சூசைதாசன் முகக்கவசத்தைக் கழற்றாமல் நின்றான். கம்பிகளுக்குப் பின்னால் கண் மட்டும் ஓடியது. வாய் திறந்தால் அன்றைக்கே வெளியே என்று முதலாளி சொல்லியிருந்ததாகவும், ஊரில் கலியாணத்துக்கு மூன்று குமர் நிற்பதாகவும் முணுமுணுத்தான். கிறிஸ்துராஜா அசையாமல் நின்றதால் மிச்சமும் வந்தது.

“நீ குளிரறைக்குள்ள நிண்டபடியால்தான்ரா நாங்கள் அங்க போகாமத் தப்பினது. எவனடா சொல்லுவான்?”

எட்டுப் பேரும் கேட்டார்கள். எட்டுப் பேரும் சப்பாத்துக் கயிறு கட்டினார்கள்.

அதன் பிறகு கிறிஸ்துராஜா ஆடிய ஆட்டத்தைப் பார்த்து வேலிக்கு வெளியே நின்றவர்கள்கூடக் கை தட்டினார்கள். வந்த பந்தையெல்லாம் பாய்ந்து பிடித்தான். எட்டாவது சுற்றில் அவன் அடித்த அடியில்தான் கொம்பன்ஸ் ஒரு ஓட்டத்தால் முன்னுக்கு வந்தது. கிரிஜா துள்ளினாள். சூசைதாசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கட கிறிஸ்து மனசில ஒன்றும் வைத்திருக்கமாட்டான் என்று மற்றவர்களுக்குச் சொன்னான். பாலேந்திரா காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினான்.

கடைசிச் சுற்று. எதிரணியில் இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று. இன்னும் ஒருவன். அவனும் பந்தைத் தொடத் தெரியாத கடைக்குட்டி. அம்பயர் கையை உயர்த்தினார்.

கிறிஸ்துராஜா கையுறையைக் கழற்றினான். நிதானமாகக் குனிந்து மூன்றாம் பேஸின்மேல் வைத்தான். பிறகு கோட்டைத் தாண்டி நடக்கத் தொடங்கினான்.

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. மூத்திரம் பெய்யப் போகிறான் என்று யாரோ சிரித்தார்கள். அம்பயர் ஆட்டத்தை நிறுத்தி, காயமா என்று கேட்டார். இல்லை, சுகமாக இருக்கிறேன் என்றான். மாற்று ஆள் இருக்கிறதா என்று அம்பயர் கிரிஜாவைக் கேட்டார். எட்டுப் பேரை வைத்து ஆட விதி இல்லை என்று அவரே பதிலையும் சொன்னார்.

கிரிஜா செருப்பு கழன்று விழ ஓடி வந்து அவன் சட்டையைப் பிடித்தாள்.

“அண்ணை, ஒரு பந்து. ஒரேயொரு பந்து நில்லுங்கோ. பிறகு என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ, அண்ணை.”

அண்ணை. நீங்கள். அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து பிரித்துவிட்டான்.

சூசைதாசன் முகக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வழியை மறித்தான். “நாங்கள் என்னடா செய்தம்? எங்களை எங்க படுக்கச் சொல்லுறாய்?”

“நண்டு திண்ட இடத்தில படுங்கோ” என்றான் கிறிஸ்துராஜா.

வேலியருகே பாலேந்திரா காரை விட்டு இறங்கி, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். பல் முழுக்கத் தெரிந்தது. புதுக் கார் நிறுத்துமிடத்துக்கு நீர்தான் மனேஜர் என்றான். கிழவன் தோண்டிய குழி அப்படி. ஒரு பிள்ளையைத் தள்ளினால் மற்றப் பிள்ளை அதன் முதுகில் ஏறி மேலே வரும். இரண்டையும் ஒன்றாகப் புதைக்க வழி வைக்கவில்லை. கிறிஸ்துராஜாவுக்கு இது விளங்காமல் இல்லை. பாலேந்திராவின் சப்பாத்தில் காறித் துப்பினான். பாலேந்திராவோ கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சிரித்தான். வென்றவனுக்கு எச்சில் ஒரு கேடா?

பின்னால் அம்பயர் ஆட்டம் கொம்பன்ஸுக்குத் தோல்வி என்று அறிவிக்கும் குரல் கேட்டது. ஒரு விமானம் அதை விழுங்கிக்கொண்டு இறங்கியது.

வீட்டுக்குள் போய்ச் சூட்கேசை எடுத்துக்கொண்டு பெருந்தெருவுக்கு வந்தான். தொலைபேசிக் கூண்டு ஒன்றுக்குள் நுழைந்து, வைத்திருந்த சில்லறை எல்லாவற்றையும் போட்டான். லொட்ஜ்காரர் கூப்பிட்டு, மெற்றில்டா படியிறங்கி வரும்வரை, போட்ட காசு குறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் ‘ஹலோ’ என்றதும் எல்லாவற்றையும் கொட்டினான். பந்து, கண், குளிரறை, விருந்து, இன்றைய ஆட்டம். நாளைக்கே குரோய்டனுக்குப் போய் அவளைக் கூப்பிட எழுதிப் போடுவதாகச் சொன்னான். இனித் தடை ஒன்றும் இல்லை, ஒன்றுமே இருக்கவில்லை என்றான். சொல்லும்போதே அழுதான்.



“நீங்கள் அங்க ஆரோடயோ குடும்பம் நடத்துறியள் எண்டு அம்மா சொல்லேக்க, நான் அவவோட கதை பேச்சை விட்டனான்” என்றாள் மெற்றில்டா. குரலில் கோபம்கூட இல்லை. “இவ்வளவு வருஷம் என்னை இஞ்ச கிடத்திப்போட்டு, இப்ப பந்தெண்டுறியள், குருடனெண்டுறியள். பிறகு குருடனில்லை எண்டுறியள். இதைவிட நல்ல பொய் ஒண்டு கிடைக்கேல்லையோ?”

“மெற்றி, சத்தியமா...”

“அங்க வைச்சிருந்தவள் விட்டிட்டுப் போட்டாளாக்கும். அதுதான் என்ர நினைவு வந்திருக்கு. எழுதிப் போடுங்கோ. நான் வரமாட்டன்.”

அவன் தன் பேரையும் ஊரையும் அந்தோனியாரையும் சாட்சிக்கு இழுத்துச் சத்தியம் செய்துகொண்டே இருந்தான். அவள் ரிசீவரை லொட்ஜ்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போய் நேரமாகியிருந்தது. லொட்ஜ்காரர் பாவம் பார்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மெல்ல வைத்தார்.